மணலிக்குப் போன ஆமை

மூன்றாவது நாளாக ஆமையைத் தவறவிட்டார்கள்.

வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. மணலி மார்க்கெட் அருகே டேங்கர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. காற்றில் கந்தகமும் டீசலும் கலந்த வாடை. சங்கமித்ரா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நைந்துபோன வரைபடத்தை மறுபடியும் பிரித்தாள். அதில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. நேற்றுப் பகல் ஒன்று இருபதுக்கு ஏழாம் நம்பர் ஆமை இங்கேதான் இருந்தது என்றது அந்தப் புள்ளி.

காலையிலிருந்து ஒன்பது லாரி ஷெட், இரண்டு பழைய இரும்புக் கடை, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு என்று எல்லாவற்றையும் அலசியாகிவிட்டது. ஆமையும் இல்லை, அதன் முதுகில் ஒட்டியிருந்த கருவியும் இல்லை.

"யக்கா, அது ஷிப்டு முட்சிகினு வூட்டுக்குப் போயிருக்கும்," என்றான் நோயல்.

சங்கமித்ரா சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. வியாசர்பாடிக்காரி. துறைமுகப் பாதுகாப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடம் காணாமல்போன சரக்குப் பெட்டிகளைத் தேடிக் களைத்து, வேலையை உதறிவிட்டு, ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவள். ஓடிப்போன கணவன், திருட்டுப்போன லாரி, போலிச் சான்றிதழ் எல்லாம் பார்த்துவிட்டாள். ஆமை இதுதான் முதல் தடவை.

நோயல் அவளுடைய ஒரே உதவியாளன். முப்பத்தைந்து வயது, காசிமேட்டு மீனவக் குடும்பம், ஒரு எம்-80 வண்டி, ஓயாத வாய். அண்ணன் வேதமாணிக்கம் விசைப்படகு வைத்திருக்கிறான். கடலில் வாந்தி எடுக்கிற ஒரே காசிமேட்டுக்காரன் தான்தான் என்று நோயல் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். அதனால்தான் கரையில் பிழைக்க வந்தான்.

இந்த வழக்கு திங்கட்கிழமை வந்தது. கொண்டுவந்தவள் ரேச்சல். கடல் ஆமைகளைப் பற்றி ஆராயும் ஒரு சிறிய குழுவின் தலைவி. ஜனவரியில் முட்டையிடக் கரையேறிய ஏழு பங்குனி ஆமைகளின் முதுகில் அவளுடைய குழு ஆமைக்கு ஒன்றாகக் கருவியை ஒட்டிக் கடலுக்கு அனுப்பியிருந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளங்கை அகலம், மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி. ஆமை மூச்சு விட மேலே வரும்போது பெட்டி வானத்திலிருக்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு குரல் கொடுக்கும். எங்கிருந்து கொடுத்தது என்பது மறுநாள் காலை ரேச்சலுக்கு மின்னஞ்சலில் வரும்.

அந்தப் பெட்டியின் குணத்தை ரேச்சல் அன்றைக்கு இப்படிச் சொன்னாள்:

"உப்புத் தண்ணி பட்டா வாயை மூடிக்கும் மேடம். காத்து பட்டா பேசும். அதுவும் பகல் பத்துலேர்ந்து நாலு வரைக்கும்தான், பேட்டரி மிச்சம் பண்ண. அது சொல்ற இடம் ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும்."

ஏழு ஆமைகளும் சொன்னது ஒரே சேதி. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, கரைக்கு மிக அருகில், அவை வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. விசைப்படகுகள் இழுவலை போடுவதும் அதே தண்ணீரில்தான். வலைக்குள் மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்து, உப்பிக் கரை ஒதுங்கும். அந்த வருடம் ஜனவரியில் மட்டும் ரேச்சல் எண்ணியது நூற்றுப் பதினாறு. ஏப்ரல் கடைசி வரை அந்தப் பகுதியில் கரையிலிருந்து ஐந்து கடல் மைல் தூரத்துக்கு இழுவலைக்குத் தடை வேண்டும் என்று அவள் மனு கொடுத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அதிகாரிகள் குழு அதை விசாரிக்கப்போகிறது.

அந்த நேரம் பார்த்து ஏழாம் நம்பர் ஆமை கரையேறி ஊர் சுற்ற ஆரம்பித்தது. படகு உரிமையாளர்களின் வக்கீல் ஜெயவேல், ரேச்சலின் குழு இணையத்தில் போட்டிருந்த ஆமை வரைபடத்தை அச்செடுத்துப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். மணலியில் நீந்துகிற ஆமையை நம்பிக் கடலை மூடச் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னது மறுநாள் செய்தியாக வந்தது. ஒரு ஆமையின் கணக்கு உளறல் என்றால் மற்ற ஆறும் உளறல்தானே?

கருவியைத் திருடி, வேண்டுமென்றே லாரியில் வைத்துச் சுற்றுகிறார்கள் என்பது ரேச்சலின் சந்தேகம். போலீசில் புகார் கொடுக்கப் போனாள். காணாமல்போனது ஆமையா, பெட்டியா என்று கேட்டார்கள். ஆமை என்றால் வனத்துறைக்குப் போ, பெட்டி என்றால் வாங்கிய ரசீதோடு வா என்றார்கள். அங்கிருந்து நேராகக் கல்மண்டபம் மாடியேறிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் போனது சேட்டுகளின் மொத்தக் கடைகள் நிறைந்த யானைக்கவுனி. திங்கட்கிழமைப் புள்ளி அங்கே இருந்தது. சங்கமித்ரா கையில் காகிதத்தோடு ஒவ்வொரு கிடங்காக எட்டிப் பார்த்ததைக் கண்டு வருமான வரிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, அரை மணி நேரத்தில் தெருவே கதவைச் சாத்திவிட்டது. புதன்கிழமை டோல்கேட். அங்கே நின்றிருந்த ஒரு காரின் டிக்கியை நோயல் தட்டிப் பார்க்கப்போய், கான்ஸ்டபிள் ஒருவருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைக்கு மணலி. ஒவ்வொரு நாளும் அவர்கள் துரத்தியது நேற்றைய ஆமையை.

"நேத்து போன பஸ்ஸுக்கு இன்னிக்கு வந்து கை காட்டிகினுகீறோம்," என்றான் நோயல் டீ கிளாசை வைத்துவிட்டு.

சங்கமித்ரா வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இருபது. பன்னிரண்டு ஐம்பது. இரண்டு ஐந்து. பெட்டி பத்து மணிக்கே பேச ஆரம்பிக்க வேண்டும். ஆனால் மூன்று நாளும் பன்னிரண்டரை வரைக்கும் ஒரு வார்த்தைகூட இல்லை.

"வண்டிய எடு," என்றாள்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியறைதான் ரேச்சலின் அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் கடல் வரைபடம், மூலையில் ஆமை ஓடு. ஏழாம் நம்பர் எப்போதிலிருந்து கரையில் இருக்கிறது என்று சங்கமித்ரா கேட்டாள். போன சனிக்கிழமையிலிருந்து என்றாள் ரேச்சல். அதற்கு முன்னால் இரண்டு வாரம் அது பேசவே இல்லையாம்.

"பேசலையா, இல்ல நீங்க கேக்கலையா?"

ரேச்சலுக்குக் கோபம் வந்தது. தினமும் விடிய விடிய மணலில் நடந்து முட்டை பொறுக்குகிற தன்னைப் பார்த்து இந்தக் கேள்வியா என்று கேட்டாள். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தினாள். படம் போடும் மென்பொருளுக்கு அவர்கள் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். கடல் ஆமை ஊருக்குள் இருக்க முடியாது. ஆகவே கரைமேல் விழுகிற புள்ளி எல்லாம் தப்பு. வாரக் கடைசியில் அது அவற்றைத் தானாகவே துடைத்துவிடும். இந்த வாரப் புள்ளிகள் படத்தில் தெரிந்ததற்குக் காரணம், துடைக்கிற நாள் இன்னும் வரவில்லை.

"குப்பையில போட்டதைக் குடுங்க," என்றாள் சங்கமித்ரா.

மின்னஞ்சல்கள் அழியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது வந்தபடி வரிசையாக இருந்தன. அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்திருந்ததால் கீழே போய் பிரவுசிங் சென்டரில் எடுத்து வந்தார்கள். அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு தடவை மின்சாரம் போனது. ரேச்சல் நகத்தைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள்.

தாள்கள் கைக்கு வந்ததும் சங்கமித்ரா ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கிழமையை எழுதினாள். கதை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி வரைக்கும் ஏழாம் நம்பர் உயிருள்ள ஆமையைப் போல விட்டு விட்டுப் பேசியிருக்கிறது. எண்ணூருக்கு நேரே, கரையிலிருந்து இரண்டு கடல் மைலில். அதற்கடுத்த இரண்டு நாளும் பத்து மணி முதல் நாலு மணி வரை ஓயாத பேச்சு.

"ஏன் இப்படி?"

ரேச்சல் தாளைத் திருப்பி வைத்தாள். "உயிரோட இருக்கிற ஆமை முங்கும், மேலே வரும். முங்காம மிதக்குதுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

மூன்றாம் நாள் புள்ளிகள் கரையேறிவிட்டன. வார நாட்களில் பன்னிரண்டரை வரை மௌனம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று புள்ளிகள், பெரும்பாலும் மணலியில். ஆனால் இரண்டு வெள்ளிக்கிழமைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை பதினொரு புள்ளிகள், எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி. திருவொற்றியூர்க் கடலோரம்.

வெள்ளிக்கிழமை லீவு என்றால் ஜும்மாவுக்குக் கடை சாத்துகிற ஏதாவது பாய் கடையாக இருக்கும் என்றான் நோயல். சங்கமித்ரா தலையை ஆட்டினாள்.

"காலைல உப்புத் தண்ணில கீது. அதான் வாய் தொறக்கல. மத்தியானத்துக்கு மேல காயுது, பேசுது. வெள்ளிக்கிழமைன்னா நனையறதே இல்ல. எந்த யாவாரம்டா வெள்ளிக்கிழமை நடக்காது?"

நோயல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மீனு."

"அதான். கூடைல மீனு, மேல கடல் தண்ணி தெளிச்சி எடுத்துகினு போறாங்க. வித்து முடிஞ்சா கூடை காலி."

"ஆனா எங்க சனம் வெள்ளிக்கிழமதான் மீனே துன்னும்."

"மணலில உங்க சனம் எத்தினி பேரு?"

அவன் ஒத்துக்கொண்டான். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. யானைக்கவுனியில் மீன் வாசனையே ஆகாத எந்தச் சேட்டம்மா மீன் வாங்கினாள்? சங்கமித்ரா அதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடுக்கில் எம்-80-யை நுழைத்து ஓட்டி, கடல் அரிப்புக்குக் கருங்கல் கொட்டிய கரையோரம் இருந்த குப்பத்துக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புள்ளிகளின் நடுவே இருந்தது இந்தக் குப்பம்தான். ஆனால் வீடுகள் இருநூறுக்கு மேல்.

இரண்டு மணி நேரம் அலைந்தார்கள். மணலிக்கு மீன் கொண்டுபோவது யார் என்று கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்ற பதில் கேள்விதான் வந்தது. குழாயடியில் இருந்த பெண்கள் அவர்களைக் குடிசை மாற்று வாரியத்து ஆட்கள் என்று நினைத்து, குடத்தோடு எழுந்து போய்விட்டார்கள். ஒருவர், மணலிக்கு எல்லாரும்தான் போகிறார்கள் என்றார். இன்னொருவர், யாருமே போவதில்லை என்றார். வெயில் உச்சிக்கு ஏறியது. சங்கமித்ராவின் செருப்பு வார் அறுந்தது. விசாரணை திங்கட்கிழமை, நடுவில் இரண்டே நாள் என்ற நினைப்பு அவளை அரித்தது. அவள் ஒரு கருங்கல்லில் உட்கார்ந்து, யாரையும் குறிப்பிடாமல் திட்டினாள்.

கூரைகளில் எல்லாம் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூரையிலும் காக்கைகள் இறங்குவதும், கீழிருந்து யாராவது கம்பால் தட்டி விரட்டுவதுமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து நின்றாள்.

"நோயலு, அந்த நீலக் கதவு வூட்டப் பாரு. கூரை மேல இன்னா கீது?"

"கருவாடு."

"காக்கா?"

நோயல் பார்த்தான். அந்தக் கூரையில் மட்டும் ஒரு காக்கைகூட இல்லை. விரட்டவும் யாரும் நிற்கவில்லை. காய்கிற மீன்மேல் விரித்திருந்த பச்சை வலையின் நடுவே ஏதோ ஒரு கறுப்புப் பொருள், அதிலிருந்து ஒரு கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நீலக் கதவைத் திறந்தவள் அடைக்கலமேரி. ஐம்பது வயதிருக்கும். அவர்கள் எதையும் கேட்பதற்கு முன்பே கூரையைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். இன்னாசி பின்னால் வந்து நின்றான். சிறிய பைபர் படகில் கரையோரம் மீன் பிடிக்கிறவன். இருவருடைய முகத்திலும் ஒரே பயம்.

"ஆமை செத்ததுக்கு எங்கள உள்ள போட்ருவாங்களாம்மா?" என்றாள் அவள்.

தாங்கள் போலீஸ் இல்லை என்று சங்கமித்ரா பொறுமையாகச் சொன்னாள். ஆமையைத் தேடி நான்கு நாளாக அலைகிற கதையையும் சொன்னாள். யானைக்கவுனி வாசல்கள் சாத்தப்பட்டதைக் கேட்டபோது அடைக்கலமேரிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை மீன் சீக்கிரம் விற்றுப்போனதால் கூடைமேல் போட மொத்தக் கடையில் பிளாஸ்டிக் தாள் வாங்க அங்கே போனவள் அவள்தான். நோயல் சங்கமித்ராவைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிறகு இன்னாசி பேசினான். மூன்று வாரத்துக்கு முன்னால் எண்ணூருக்கு நேரே அந்த ஆமை மிதந்து வந்தது. கழுத்திலும் முன் துடுப்பிலும் வலைத்துண்டு சுற்றி இறுகியிருந்தது. செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும். அப்படியே விட மனம் வராமல் கரைக்கு இழுத்து வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தான். முதுகிலிருந்த பெட்டியில் ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போனார்கள். விவரத்தை மனுவாக எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். எழுதத் தெரிந்த ஒருவனைத் தேடிப் போனபோது, அவன், ஆமையைத் தொட்டாலே ஜெயில் என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு பெட்டி, மனைவி பேருந்தில் மணலிக்குக் கொண்டுபோகிற மீன் கூடைக்குள் போனது. கம்பி ஆடுகிற கூடையைக் காக்கை நெருங்கவில்லை என்று கண்டுகொண்டவள் அடைக்கலமேரி.

"சொல்லத்தான் போனோம்," என்றாள் அவள். "கேக்கறதுக்கு ஆளு இல்ல."

சங்கமித்ராவின் முகத்தில் நான்கு நாளில் முதல் தடவையாகக் களை வந்தது. பெட்டி கிடைத்துவிட்டது. ஏழாம் நம்பர் உளறவில்லை. செத்த இடத்தையும் நாளையும் சரியாகச் சொல்லிவிட்டு, பிறகு பேருந்தில் மணலிக்குப் போயிருக்கிறது. ஆனால் அவளுடைய மனசு அதோடு நிற்கவில்லை. ஜெயவேல் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி இருந்தது இன்னாசியின் வீட்டில், ஆமையைப் புதைத்தவன் இன்னாசி, அப்படியானால் கொன்றவன் யார்? விசைப்படகு வலைதான் கொன்றது என்பதற்கு ஒரே சாட்சி அந்த வலைத்துண்டு.

அதைக் கொண்டுவரச் சொன்னாள். கூரைமேல் விரித்திருந்த பச்சை வலைதான் அது. நல்ல நூல், வீணாக்குவானேன் என்று எடுத்து வைத்திருந்தார்கள். அதை வாங்கி நோயலிடம் கொடுத்து, எந்த வலை, எத்தனை பெரிய படகு என்று பார்க்கச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தாள். நோயல் வலையின் ஒரு மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பச்சை நூலுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குச் சிவப்பு நூலில் கிழிசல் கோத்திருந்தது. அவன் முகத்தில் கேலி இல்லை. அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"இன்னாடா?"

"பச்ச நூலு தீந்துபோச்சுக்கா," என்றான். "போன தடைக்காலத்துல. கடைக்குப் போவ சோம்பேறித்தனம். செகப்பு போட்டு முடிச்சேன். அண்ணன்கூடத் திட்டுனாரு."

கல்மேல் அலை அடித்தது.

"இது என் கை," என்றான் நோயல்.

எம்-80-யில் திரும்பும்போது சங்கமித்ராவுக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வலையைக் காட்டினால் நோயலின் அண்ணன் மாட்டுவான். விசைப்படகு மூன்று கடல் மைலுக்கு உள்ளே வரக்கூடாது என்பது ஏற்கெனவே சட்டம். இரண்டு மைலில் வலை போட்டதற்கு உரிமமே போகலாம். காட்டாவிட்டால் இன்னாசி மாட்டுவான். செத்த ஆமைக்குக் குழி தோண்டிய ஒரே ஆள். முடிவை நோயலிடமே விட்டுவிடுவதாகவும், அவன் வேண்டாம் என்றால் வலையைப் பற்றித் தான் பேசப்போவதில்லை என்றும் கல்மண்டபத்தில் இறங்கும்போது சொன்னாள். சொன்ன மறுநிமிடமே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

நோயல் நேராகக் காசிமேட்டுக்குப் போனான். என்ன நடந்தது என்பதைச் சனிக்கிழமைதான் அவளிடம் சொன்னான். வேதமாணிக்கம் படகில் இருந்தான். சிவப்பு நூலைப் பற்றிக் கேட்டதும் மறுக்கவில்லை. அந்த ஆமை வலைக்குள் வந்தபோது அதற்கு மூச்சு இருந்தது. இழுத்து எடுக்க முடியாமல், அவனே கத்தியை எடுத்து வலையை அறுத்து அதைத் தண்ணீரில் விட்டான். நீந்திப் போனதைப் பார்த்தான். கழுத்தில் சுற்றிய துண்டோடு அது எத்தனை தூரம் போகும் என்று அவன் நினைக்கவில்லை. வெளியே மீன் இல்லை, அதனால்தான் உள்ளே வந்தேன் என்றான். கடைசியில் தம்பியைப் பார்த்து, கூடப்பிறந்தவன்மேலேயே துப்புத் துலக்குகிறாயா என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் என்ஜின் அறைக்குள் இறங்கிவிட்டான்.

திங்கட்கிழமை கூட்ட அரங்கில் மின்விசிறிகள் சத்தத்தோடு சுற்றின. ஒருபுறம் படகு உரிமையாளர்கள், நடுவே வேதமாணிக்கமும் இருந்தான். மறுபுறம் ரேச்சல், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னாசியும் அடைக்கலமேரியும். ஜெயவேல் மணலி வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, இந்த ஆமை பேருந்தில் போனதா என்று கேட்டார். சபை சிரித்தது.

ஆமாம் என்றாள் சங்கமித்ரா. பேருந்தில்தான் போனது. பெட்டியை மேசைமேல் வைத்து, கிழமைகளையும் மௌனங்களையும் மீன் கூடையையும் வரிசையாக எடுத்துச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரேச்சலின் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜெயவேல் விடவில்லை. அவள் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. பெட்டி யார் வீட்டில் இருந்தது? புதைத்தது யார்? பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொன்று தடயத்தை மறைத்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசைப்படகுகளைக் குற்றம் சொல்கிறார்கள் என்றார். அந்த வலைத்துண்டு யாருடையது என்று இவர்களால் சொல்ல முடியுமா?

இன்னாசி எழுந்து நின்றான். சங்கமித்ரா தரையைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு அவள் நாக்கைக் கட்டியிருந்தது.

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நோயல் எழுந்திருந்தான்.

"அது எங்க வலை சார்," என்றான். "கிழிசலத் தச்சது நான்."

உரிமையாளர்கள் பக்கம் ஒரே கூச்சல். உட்காரச் சொல்லி இரண்டு பேர் அவனை நோக்கி வந்தார்கள். அப்போது அவர்கள் நடுவிலிருந்து வேதமாணிக்கம் எழுந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"எங்க வலை இல்ல சார். என் வலை," என்றான். "அவன் தச்சான், அவ்ளோதான். கடலுக்குப் போனவன் நானு. எண்ணூருக்கு நேர, ரெண்டு மைலு. அந்தப் பெட்டி சொல்றது சரி."

இதைச் சொன்னால் தன்மேல் நடவடிக்கை வரும் என்பது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றான். இன்னாசியைக் கைகாட்டி, அந்த ஆள் ஒரு தப்பும் செய்யவில்லை, தான் அறுத்துவிட்டதை அவர் புதைத்தார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

உத்தரவு மாலை நான்கு மணிக்கு வந்தது. ரேச்சல் கேட்டது ஐந்து மைல், கிடைத்தது மூன்று. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற அதே மூன்று மைல்தான். ஆனால் இனி ஏப்ரல் கடைசி வரை தினமும் ரோந்துப் படகு போகும், மற்ற ஆறு ஆமைகளின் புள்ளிகள் தினமும் காலையில் அந்தப் படகுக்குப் போய்ச் சேரும். இன்னாசிமேல் வழக்கு இல்லை. வேதமாணிக்கத்தின் உரிமம் இரண்டு மாதத்துக்கு ரத்து. ரேச்சல் தாளை இரண்டு தடவை படித்தாள். இதற்காகவா என்று ஆரம்பித்தவள், அடைக்கலமேரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

வெளியே வேதமாணிக்கம் தனியாக நின்றிருந்தான். சங்கத்துக்காரர்கள் அவனை விட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். நோயல் பத்தடி தள்ளி நின்றான், கிட்டே போகத் தைரியம் இல்லாமல். சங்கமித்ரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் காதைத் திருப்ப முடியவில்லை.

"உங்க அண்ணி உன்னாண்ட பேசமாட்டா," என்றான் வேதமாணிக்கம் தம்பியைப் பார்க்காமல். "கொஞ்ச நாளைக்கு வூட்டாண்ட வராத."

"சரிண்ணே."

"போட்டு ரெண்டு மாசம் சும்மாத்தான் கெடக்கும். ஆமை பூந்து வெளிய போறாப்பல வலைல ஒரு வாசல் வைக்கலாமாமே. அந்த ஆமைக்காரப் பொண்ணு சொல்லிச்சு." அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு போட்டாண்ட வா. வரும்போது பச்ச நூலு வாங்கிகினு வா."